கடலோடிகளின் நித்திரையும் இயந்திர ஓசையும்

(மன்றத்தின் ஆண்டு நிறைவு விழாவிலே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா மேடையிலே சமயத்தைப் பற்றியோ, கல்வியைப் பற்றியோ, ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவது வழக்கம். எமக்கும் அவ்வாறே ஒரு பொருளைத் தரச் செயலாளர் முன்வந்தார். ஆனால் யாம் வேறொன்றைக் கேட்டுப் பெற்றுக்கொண்டோம். கடலிலே தொழில் செய்வோருடைய நித்திரை பற்றியும், அந்த நித்திரையைக் கெடுக்கும் ஓசை பற்றியுமே பேசப்போகிறோம். நித்திரையைப் பற்றிப் பேசி உங்களையும் நித்திரையாக்கி விடுவோமோ என்று அஞ்ச வேண்டாம். பேச்சின் முடிவிலே உங்களுள் சிலருக்கு எம்மீது கோபம் வரக்கூடும்; கோபம் வந்தவனுக்கு நித்திரை வராது.

வாகரைக்கு இப்பொருள் அயலானதன்று. கிழக்கே கடல், மேற்கே களப்பு, இடையிலே நாம். இரவு பத்து மணிக்குமேல் முற்றத்திலே பாய் போட்டுப் படுத்தால் கேட்பது அலையின் ஓசை ஒன்றே. அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுட் சிலர் இன்று வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் பலநாட் படகுகளிலே வாரக்கணக்காக ஆழ்கடலில் இருக்கிறார்கள். இன்னுஞ் சிலர் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களிலே மாதக்கணக்காக வேலை செய்கிறார்கள். அவர்கள் என்ன உழைக்கிறார்கள், எவ்வளவு காசு அனுப்புகிறார்கள் என்பது ஊருக்குத் தெரியும். அவர்கள் எப்படி நித்திரை கொள்கிறார்கள் என்று எவராவது கேட்டதுண்டா?

நித்திரை என்பது சோம்பேறியின் சொத்து என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. அருச்சுனனுக்குக் குடாகேசன் என்றொரு பெயர்; நித்திரையை வென்றவன் என்று அதற்குப் பொருள் சொல்வர். அந்தப் பெயரைக் கேட்டு, உறங்காதவனே வீரன் என்று இளைஞர் நினைத்துவிடக் கூடாது. நமது சைவ சித்தாந்தம் உயிரின் நிலைகளைச் சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம் என ஐந்தாக வகுத்தது. நனவு, கனவு, உறக்கம் என்பன அவற்றுள் முதல் மூன்று. சாத்திரம் பேசியது ஆன்மாவைப் பற்றி. இக்கால விஞ்ஞானம் பேசுவது மூளையைப் பற்றி. இரண்டும் ஒன்றே என்று சாதிப்பது எமது நோக்கமன்று. ஆயினும் உறக்கம் என்பது வெறும் இருட்டன்று, அதற்குள்ளே படிகள் உண்டு என்ற அளவில் இரண்டும் ஒத்துப்போகின்றன.

மூளையின் மின் அலைகளை அளந்து பார்த்த ஆய்வாளர் கூறுவது இதுதான். நித்திரை முதலில் மெல்லியதாகத் தொடங்கி, படிப்படியாக ஆழ்ந்து, பின் கனவு நிலைக்கு வந்து, மறுபடி தொடங்குகின்றது. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 90 நிமிடம். ஓர் இரவில் இத்தகைய சுற்று நான்கு அல்லது ஐந்து நடைபெறும். ஆழ்ந்த உறக்கம் முன்னிரவிலே மிகுதி. கனவுறக்கம் விடியற்புறத்திலே மிகுதி. ஆழ்ந்த உறக்கத்திலே உடல் தன்னைப் பழுது பார்க்கின்றது. ஏனைய நிலைகளிலும் மூளை சும்மா இருப்பதில்லை. பகலிற் கற்றதை நினைவில் ஒழுங்குபடுத்துகின்றது. ஆகவே ஆறு மணித்தியாலம் படுத்தவன் எல்லாம் ஆறு மணித்தியாலம் உறங்கியவன் ஆகான். படிகளில் இறங்கவிடாமல் ஒருவன் மேற்படியிலேயே தடுக்கப்பட்டால், அவன் பாயிலே கிடந்தான் என்று சொல்லலாமேயன்றி உறங்கினான் என்று சொல்ல முடியாது.

இனி அந்தத் தடையைப் பார்ப்போம். கண்ணுக்கு இமை உண்டு. காதுக்கு இமை இல்லை. மனிதன் காட்டிலே வாழ்ந்த காலத்தில், உறங்கும்போது அவனுக்குக் காவல் காத்தது காது. இன்றும் அது தன் வேலையை விடவில்லை. அயலிலே மாட்டு வண்டி போனாலும் எழும்பாத தாய், தொட்டிலிலே பிள்ளை மெல்லச் சிணுங்கினால் எழுந்து விடுகின்றாள். கப்பலிலே வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். இயந்திரம் இரவு முழுவதும் இரைந்துகொண்டிருக்கும், அவர்கள் உறங்குவார்கள். இயந்திரம் திடீரென நின்றால் அந்தக் கணமே எழுந்து உட்காருவார்கள். இதை அவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். யாம் இதிலே வேறொன்றைக் காண்கிறோம். ஓசை நின்றவுடன் ஒருவன் விழிக்கிறான் என்றால், அதுவரை அவனுடைய காது அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டே இருந்தது என்பதன்றோ பொருள்? அவன் உறங்கினான், அவனுடைய காவற்காரன் உறங்கவில்லை.

கப்பலிலே ஓசை எவ்வாறு பரவுகின்றது என்பதை விளக்க நாம் தூரதேசம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்பு வாவியே போதும். பாடும் மீன்களைப் பற்றிக் கேள்விப்படாதவர் இச்சபையிலே இருக்க மாட்டார். இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் என்னும் பிரித்தானிய அதிகாரி 1848ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே மட்டக்களப்புக்கு வந்து, இரவிலே தோணியில் ஏறி வாவிக்குச் சென்று அவ்வொலியைக் கேட்டார். தோணியின் மரத்திலே காதை வைத்தபோது அது மிகப் பெருகிக் கேட்டது என்று அவர் எழுதி வைத்திருக்கிறார். துடுப்பை நீரிலே அமிழ்த்தி அதன் மறு நுனியைக் காதோடு சேர்த்துக் கேட்பது நமது தோணிக்காரரின் வழக்கம். காரைதீவிலே பிறந்து, விஞ்ஞானமும் தமிழும் கற்று, 1947ஆம் ஆண்டிலே யாழ்நூலை வெளியிட்ட சுவாமி விபுலானந்தரும் இவ்வாவியின் இன்னொலியிலே உள்ளத்தைப் பறிகொடுத்தவர்.

துடுப்பு ஏன் ஒலியைப் பெருக்கிக் காட்டுகின்றது? ஒலி காற்றிலே செல்வதைவிடத் திண்ணிய பொருளிலே விரைவாகவும் சிதறாமலும் செல்கின்றது. காற்றிலே அதன் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர்; நீரிலே ஏறக்குறைய 1,500 மீற்றர்; உருக்கிலே 5,000 மீற்றருக்கும் மேல். நமக்கு இன்பம் தந்த அந்தத் துடுப்பின் விதியேதான் கப்பற்காரனுக்குத் துன்பம் தருகின்றது. கப்பல் முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிய உருக்கு. இயந்திர அறையிலே எழும் அதிர்வு தளத்தின் வழியாகவும், சுவரின் வழியாகவும், குழாயின் வழியாகவும் ஓடி, அவன் தலை வைத்திருக்கும் கட்டிலை வந்து அடைகின்றது. கதவைச் சாத்தினால் காற்றின் வழி வரும் ஓசை குறையும். இரும்பின் வழி வரும் ஓசையைக் கதவு தடுக்காது. பெரிய பறை ஒன்றினுள்ளே பாய் விரித்துப் படுத்தவனை நினைத்துப் பாருங்கள். கப்பலோட்டியின் நிலை அதுதான்.

அந்தப் பறையை அடிப்பவை பல. பிரதான இயந்திரம் ஒன்று. மின்சாரம் தரும் துணை இயந்திரங்கள் வேறு. அவை துறைமுகத்திலே நின்றாலும் ஓய்வதில்லை. நீரைக் கடையும் சுழல்விசிறி பின்புறத்தை அதிரச் செய்யும். காற்றூட்டும் விசிறிகள் இரவும் பகலும் இரையும். இவற்றோடு சங்கிலி இறக்கும் ஓசை, பாரந்தூக்கியின் ஓசை, கதவு அடிபடும் ஓசை. கனத்த, தாழ்ந்த ஓசைகளே மிகவும் பொல்லாதவை. கீச்சென்ற ஓசையைப் பஞ்சும் பலகையும் குடித்துவிடும்; தாழ்ந்த உறுமலோ இவற்றைத் தாண்டி வந்து நெஞ்சைத் தொடும்.

பாய்க் கப்பற் காலத்திலே நிலைமை இப்படி இருக்கவில்லை. வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க் கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்றினார். அக்கப்பல் நம்மவரான மாலுமிகளோடு பெருங்கடல்களைக் கடந்து, 1938ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கப்பலிலும் ஓசை உண்டு. மரம் முனகும், கயிறு கறகறக்கும், பாய் படபடக்கும். ஆனால் அவை காற்றோடு ஏறி இறங்குபவை. ஒரே சீராக, ஒரு விநாடியும் ஓயாமல், இருபத்துநான்கு மணித்தியாலமும் இரையும் ஓசையை மனிதனுக்குக் கொடுத்தது இயந்திர யுகமே.

ஓசையை அளக்கும் அலகுக்குத் தெசிபெல் என்று பெயர். இந்தக் கணக்கிலே ஒரு சூட்சுமம் உண்டு. இளைஞர்கள் அதைக் கவனிக்க வேண்டும். 10 தெசிபெல் கூடினால் ஒலியின் சக்தி பத்து மடங்காகின்றது. 20 கூடினால் நூறு மடங்கு. 30 கூடினால் ஆயிரம் மடங்கு. உறங்கும் அறையினுள்ளே தொடர்ந்து கேட்கும் ஓசை 30 தெசிபெல்லைத் தாண்டாதிருப்பது நல்லது என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1999ஆம் ஆண்டிலே வழிகாட்டியது. கப்பலுக்கோ சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2012ஆம் ஆண்டிலே ஒரு விதிக்கோவையை நிறைவேற்றியது. அது 2014ஆம் ஆண்டு ஜூலை 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி 10,000 தொன் கொள்ளளவுக்குக் குறைந்த புதிய கப்பல்களிலே உறங்கும் அறையின் உச்ச வரம்பு 60 தெசிபெல். அதற்கு மேற்பட்ட கப்பல்களிலே 55. இயந்திர அறைக்கோ வரம்பு 110. 60 தெசிபெல் என்பது ஒரு முழத் தூரத்திலே இருவர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பது போன்றது. ஆகச் சட்டத்தை ஒழுங்காக அனுசரிக்கும் கப்பலிலும், தரையிலே நல்லதென்று சொல்லப்பட்ட அளவைவிட ஆயிரம் மடங்கு ஒலிச் சக்தி ஒருவனுடைய கட்டிலருகே இரவு முழுவதும் இருக்கலாம். இது குறை கூறுவதன்று. கப்பலென்றால் இயந்திரம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் கடலோடியின் உழைப்புக்கு விலை போடும்போது இதையும் கணக்கிலே சேர்க்க வேண்டும்.

இங்கே ஒருவர் எழுந்து, “எல்லாம் பழக்கம் ஐயா, பழகினால் சத்தம் ஒன்றுஞ் செய்யாது” என்று சொல்லலாம். இது பாதி உண்மை. பாதி உண்மை முழுப் பொய்யைவிட ஆபத்தானது. சில நாட்களிலே ஒருவன் ஓசைக்குப் பழகி, அடிக்கடி விழித்தெழாமல் உறங்கப் பழகுகிறான் என்பது மெய். ஆயின் அவனுடைய இருதயம் அந்த அளவுக்குப் பழகுவதில்லை. ஓசை எழும்போதெல்லாம் நாடி சற்றே விரைகின்றது. உடலிலே பதற்றத்துக்குரிய சுரப்புகள் ஊறுகின்றன. ஆழ்ந்த உறக்கம் மெல்லிய உறக்கமாக மாறுகின்றது. காலையிலே அவனைக் கேட்டால், நன்றாக உறங்கினேன் என்றே சொல்வான். பொய் சொல்லவில்லை, அவனுக்குத் தெரியாது. கும்பகர்ணனை எழுப்ப முரசறைந்து, யானைகளை நடத்தி, என்னென்னவோ செய்தார்கள் என்று இராம கதையிலே கேட்டிருக்கிறோம். அது கும்பகர்ணனுக்குப் பொருந்தும். நமது பிள்ளைகள் கும்பகர்ணர்கள் அல்லர்.

இதன் விளைவுகள் எவை? முதலாவது, காது. 85 தெசிபெல் ஓசையிலே ஒரு நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் இருப்பது காதுக்குக் கேடு என்பது பலரும் ஏற்றுக்கொண்ட கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 தெசிபெல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். 100 தெசிபெல் என்றால் வெறுங்காதோடு இருக்கத் தகுந்த நேரம் 15 நிமிடமே. அவ்வாறு கெட்ட காது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை. கடலால் வந்த பிள்ளை வானொலியை உரக்க வைக்கிறான், எல்லோரோடும் கத்திப் பேசுகிறான் என்று தாய்மார் குறை சொல்வதுண்டு. அது அகங்காரம் அன்று, அம்மா. அது காதின் முறைப்பாடு.

இரண்டாவது, அறிவின் மயக்கம். 1997ஆம் ஆண்டிலே வெளிவந்த ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு, தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவனுடைய கையும் கருத்தும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மதுசாரம் ஏறியவனுடையவை போல் ஆகின்றன என்று காட்டிற்று. 24 மணித்தியாலம் விழித்திருந்தால் அது 0.10 சதவீதத்துக்கு ஒப்பாகும். கள்ளுக் குடித்துவிட்டுச் சுக்கானைப் பிடிப்பவனை நாம் படகிலே ஏற்ற மாட்டோம். நித்திரை கெட்டவனை மட்டும் வீரன் என்று தட்டிக் கொடுக்கிறோம்.

மூன்றாவது, விபத்து. 1989ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி எக்ஸன் வால்டீஸ் என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவிலே பாறையில் ஏறி, ஏறக்குறைய 37,000 தொன் எண்ணெயைக் கடலிலே கொட்டியது. விசாரணை செய்தவர்கள் கண்ட காரணங்களுள், சுக்கானுக்குப் பொறுப்பாக நின்ற அதிகாரியின் களைப்பும் ஒன்று. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆந் திகதி ஷென் நெங் 1 என்னும் நிலக்கரிக் கப்பல் அவுஸ்திரேலியாவின் பெரும் பவளப் பாறைத் தொடரிலே ஏறியது. அதன் பிரதம அதிகாரி அதற்கு முந்திய 38½ மணித்தியாலத்திலே உறங்கியது இரண்டரை மணித்தியாலம் மட்டுமே. இவ்விரு கப்பல்களிலும் நித்திரையைத் திருடியது ஓசை என்று யாம் சொல்லவில்லை. அங்கே வேலைப்பளுவே திருடன். எனினும் நித்திரையை எவன் திருடினாலும் முடிவு ஒன்றே. வேலைப்பளு நித்திரையின் நீளத்தைக் குறைக்கின்றது; ஓசை அதன் ஆழத்தைக் குறைக்கின்றது. இரண்டுஞ் சேர்ந்தால் மிஞ்சுவது என்ன?

உலகம் இதற்குச் சும்மா இருக்கவில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயம் 2013ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. ஓய்வு நேரத்தைக் கணக்கிடும் கப்பல்களிலே ஒருவனுக்கு 24 மணித்தியாலத்திலே 10 மணித்தியாலமும், ஏழு நாளிலே 77 மணித்தியாலமும் குறையாமல் ஓய்வு வேண்டும். அந்தப் பத்தையும் இரண்டு கூறுகளுக்கு மேல் உடைக்கக் கூடாது. ஒரு கூறாவது ஆறு மணித்தியாலம் இருக்க வேண்டும். உறங்கும் அறைகள் இயந்திரங்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் இயன்ற அளவு தூரத்திலே இருக்க வேண்டும் என்றும் அது வழிகாட்டுகின்றது. வெளிநாட்டுக் கப்பலுக்குப் போகும் இளைஞர்கள் இந்த இலக்கங்களை மனனம் செய்து கொள்ளுங்கள். ஓய்வு நேரப் பதிவிலே, எடுக்காத ஓய்வை எடுத்ததாகக் கையெழுத்திடச் சொன்னால், அந்தக் கையெழுத்து உங்கள் உயிருக்கே எதிரான சாட்சி என்பதை நினைவில் வைத்திருங்கள்.

ஆனால் முன் சொன்ன ஓசை விதிக்கோவை மீன்பிடிக் கலங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. மீன்பிடித் தொழிலுக்கென 2007ஆம் ஆண்டிலே தனியொரு சமவாயம் உண்டாகி, 2017ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே நடைமுறைக்கு வந்தது. மூன்று நாளுக்கு மேல் கடலில் நிற்கும் படகிலே 10 மணித்தியாலம், 77 மணித்தியாலம் என்ற அதே ஓய்வை அது கேட்கின்றது. எனினும் அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் உலகிலே மிகச் சிலவே. ஆகவே நமது பலநாட் படகுக்காரனுக்குக் காவல் சட்டப் புத்தகத்தைவிட அவனுடைய சொந்தப் புத்தியே.

பலநாட் படகின் அமைப்பை அறியாதவர்களுக்குச் சொல்கிறோம். சுக்கான் அறைக்குக் கீழே இயந்திரம். உறங்கும் பலகை அதனருகே, அல்லது அதற்கு மேலே. இடையிலே ஒரு பலகைத் தடுப்பு. மாலையிலே வலையோ தூண்டிலோ இட்டு, நள்ளிரவிலோ விடியுமுன்னோ இழுக்கத் தொடங்கினால், உறக்கத்துக்கு மிஞ்சுவது துண்டு துண்டான நேரம். அந்தத் துண்டையும் இயந்திரம் தின்கின்றது. இதைக் குறைக்க நாமே செய்யக்கூடியவை சில உண்டு. இயந்திரத்தைத் தாங்கும் இறப்பர்த் தாங்கிகள் இறுகி வெடித்திருந்தால் மாற்றுங்கள். அதிர்வு படகுக்குள் இறங்குவது அவ்வழியே. புகைக்குழாயின் ஓசையடக்கியைப் பாருங்கள். அது ஓட்டையாகிப் புதிதாக ஓசை கேட்டால் அது காதுக்கு மட்டும் வந்த கேடன்று. அவ்வழியே நச்சுப் புகையும் உள்ளே வரும், அது உறங்கியவனை எழும்ப விடாது. இயந்திர அறையின் மூடியைச் சாத்தி வையுங்கள். பலகையிலே வெறும் பாயை விரியாமல் தடித்த மெத்தையை இடுங்கள். தலையை இயந்திரத்துக்கு எதிர்ப்புறமாக வையுங்கள். இயந்திரத்தருகே வேலை செய்யும்போது காதுமூடி அணியுங்கள். உறங்கும்போது காதடைப்பான் இடுவதானால், எச்சரிக்கை ஒலி கேளாமற் போகலாம். ஆகையால் காவல் நிற்பவன் கையால் தொட்டு எழுப்புவான் என்று முன்னரே பேசி வையுங்கள். எல்லோருக்கும் மேலாக, முறை வைத்து, ஒவ்வொருவனுக்கும் உடைபடாத ஒரு நீண்ட நித்திரையைக் கொடுங்கள். ஐரோப்பாவிலே 2012ஆம் ஆண்டில் முடிவு வெளியான ஓர் ஆய்விலே, ஆறு மணித்தியால வேலை, ஆறு மணித்தியால ஓய்வு என்று மாறி மாறி நின்ற அதிகாரிகள், நான்கு மணித்தியாலம் நின்று எட்டு மணித்தியாலம் ஓய்ந்தவர்களைவிட அதிகம் தூங்கி வழிந்தார்கள். துண்டுபட்ட நித்திரை துண்டுபட்ட வலை போன்றது. எத்தனை முழம் இருந்தாலும் மீன் நில்லாது.

இவ்வளவும் கடலிலே நடப்பது. இனிக் கரைக்கு வருவோம். இங்கேதான் உங்களுக்குக் கோபம் வரும் என்று முதலிலே சொன்னோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் திருவிழாவிலே ஒழுங்கு வேலைகளை எம்போன்ற சிலரே பொறுப்பேற்றிருந்தோம். தென்னை மரம் ஒன்றிலே குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினோம். அதன் வாய் ஒரு வீட்டை நேரே பார்த்தது. முதல் நாள் இரவு அந்த வீட்டுத் தாய் எம்மிடம் வந்தார். “மனே, பொடியன் இண்டைக்குப் பின்னேரந்தான் கடலால வந்தவன். இருபத்தஞ்சு நாள் படகில கிடந்த பிள்ளை. அந்தக் குழாயைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பி விடுங்களன்” என்றார். கோபித்துக் கேட்கவில்லை, கெஞ்சிக் கேட்டார். யாம் சொன்ன மறுமொழி இன்னும் எமது காதிலே நிற்கின்றது. “சாமி காரியம் அக்கா, ஒண்டும் செய்யேலாது” என்றோம். குழாயைத் திருப்ப ஐந்து நிமிடம் போதும். யாம் திருப்பவில்லை. நள்ளிரவு கடந்தும் பாட்டு ஒலித்தது. விடியற்காலை நாலரைக்கு மறுபடி தொடங்கியது. ஐந்தாம் நாள் அந்தப் பிள்ளை படகுக்குத் திரும்பிப் போனான். அந்தப் பயணத்திலே வலை இழுக்கும் இயந்திரத்திலே அகப்பட்டு அவனுக்கு வலக் கையிலே இரண்டு விரல்கள் போயின.

ஒலிபெருக்கிதான் விரலை எடுத்தது என்று யாம் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எவருக்கும் ஆதாரமில்லை. அந்தத் தாயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்கும் மலரும் கற்பூரமும் கொண்டு வந்தார். ஆனால் இருபத்தைந்து நாள் இயந்திரம் தின்ற நித்திரையின் கடனை அடைக்க அவனுக்குக் கிடைத்தது நான்கு இரவுகள். அவற்றை யாமும் தின்றோம். அந்தக் கணக்கு எமக்கும் இறைவனுக்கும் இடையிலே இன்னும் தீரவில்லை.

அன்பர்களே, நமது கோயிலிலே அர்த்தசாமப் பூசைக்குப் பின் நடப்பது என்ன? சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளச் செய்கிறோம். ஊஞ்சலும் தாலாட்டும் பாடுகிறோம். பின் திரையை இழுத்து, கதவைச் சாத்தி, மெல்ல நடந்து வெளியேறுகிறோம். உறக்கமே இல்லாத பரம்பொருளுக்கு நித்திரை வேண்டும் என்று பாவனை செய்து மௌனம் காக்கும் சமயம் நமது சமயம். அதே கோயிலின் பெயரால், உறக்கம் இன்றி வாட்டமுற்ற பிள்ளையின் காதிலே குழாயை வைத்து ஊதலாமா? நமது பாட்டன்மார் உடுக்கோடும் பறையோடும் கண்ணகைக்குக் குளிர்த்தி பாடினார்கள், அம்மன் குளிர்ந்தாள். அவர்களிடம் ஒலிபெருக்கி இருக்கவில்லை. பக்திக்குத் தெசிபெல் கணக்கு இல்லை.

சட்டமும் இதையே சொல்கின்றது. 2007ஆம் ஆண்டு நவம்பர் 9ஆந் திகதி இலங்கையின் உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பணித்தது. விசேட வைபவங்களுக்கு விலக்கு அளிப்பதானாலும் அயலிலே குடியிருப்போரின் கருத்தை அறிய வேண்டும் என்றது. அத்தீர்ப்பு எல்லாச் சமயத்தாருக்கும் பொது. மற்றவர் ஒலியைக் குறைக்கட்டும், பின்னர் நாம் குறைப்போம் என்று சொல்வது வழக்காளியின் பேச்சு, சமயியின் பேச்சன்று. முன்னே செய்பவனே முன்மாதிரி.

ஆகவே இந்த மன்றத்தின் முன் மூன்று விண்ணப்பங்களை வைக்கிறோம். ஒன்று, மன்றம் நடத்தும் எந்த விழாவிலும் இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கி நிற்கட்டும். குழாய்கள் வீடுகளை நோக்காமல் கோயில் வீதியின் உட்புறத்தை நோக்கட்டும். இரண்டு, படகுக்கும் கப்பலுக்கும் போகும் இளைஞர்களை ஆண்டுக்கொரு முறையாவது கூட்டி, ஓய்வு நேர விதிகளையும் காதுப் பாதுகாப்பையும் விளக்கிச் சொல்லுங்கள். செவிச் சோதனைக்கு ஒரு வைத்தியரை அழைத்து வாருங்கள். மூன்று, கடலால் வந்த வீட்டுக்கு முதல் இரண்டு நாள் விருந்தினர் போகாதிருப்பது என்று ஊர் ஒரு வழக்கத்தை உண்டாக்கட்டும். துடக்கு வீட்டுக்கும் மரண வீட்டுக்கும் முறை வகுத்த நமக்கு, களைத்து வந்தவனுடைய வீட்டுக்கும் ஒரு முறை வகுப்பது அரிதன்று.

முதலாவது விண்ணப்பத்தை ஏற்பதா இல்லையா என்பதை இன்றைய பொதுக்கூட்டத்திலேயே கைதூக்கித் தீர்மானியுங்கள். எதிர்த்துத் தூக்கும் கைகளை யாம் குறை சொல்ல மாட்டோம். நாமும் ஒரு காலத்திலே அந்தப் பக்கம் நின்றவர்களே. தூக்குவதற்கு முன் ஒரு கணம், விரல் இரண்டு குறைந்த ஒரு கையை மட்டும் நினைத்துக் கொள்ளுங்கள்.

கடலிலே நமது பிள்ளைகளுக்கு இயந்திரத்தை நிறுத்திக் கொடுக்க நம்மால் முடியாது. கரையிலே அவர்களுக்கு அலையின் ஓசையை மட்டும் விட்டுக் கொடுக்க நம்மால் முடியும். அதைச் செய்வோமாக.

இறைவன் எல்லோருக்கும் நல்ல விழிப்பையும் நல்ல நித்திரையையும் அருள்வானாக.